போர்வை போடும்போது கடிக்கும் குதிரை: எந்த இடத்தில் கடிக்கிறது?

லாயத்தில் ஒரு குதிரைக்குக் "கடியன்" என்று பெயர் விழுந்துவிட்டால் விசாரணை அதோடு முடிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருபவரிடம் "அதன் வாய்க்கு எட்டாமல் நில்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏன் கடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. போர்வை போடுவது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் அதற்குள் ஏழு வேலைகள் இருக்கின்றன: போர்வையோடு நெருங்குவது, தோளில் வைப்பது, பின்னால் இழுப்பது, நெஞ்சுப் பக்கிள், வயிற்றுப் பட்டி, கால் பட்டி, கடைசியில் கழற்றுவது. இந்த ஏழில் எந்த இடத்தில் குதிரை தலையைத் திருப்புகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்.

மூன்று நாளைக்கு அதை மட்டும் எழுதி வையுங்கள்: நேரம், போட்டவர், எந்தப் போர்வை, எந்தப் படி, எந்தப் பக்கம். கைத்தொலைபேசியைத் தூணில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. பல் படுவதற்கு ஐந்தாறு செக்கனுக்கு முன்பே காது பின்னால் மடிந்திருக்கும், மூக்குத் துவாரத்துக்கு மேலே சுருக்கம் விழுந்திருக்கும், வால் ஒருமுறை வீசியிருக்கும். பக்கிளோடு குனிந்து மல்லுக்கட்டுபவரின் கண்ணில் அது எதுவும் படாது.

முதல் கேள்வி: இந்தப் போர்வை வேண்டுமா?

குதிரைக்குப் போர்வை என்பது இங்கிலாந்துக் குளிருக்கான பழக்கம். கொழும்பில் பகல் 30, 31 பாகை. இரவும் பெரும்பாலும் 22க்குக் கீழே போவதில்லை. காற்றில் ஈரம் எப்போதும் நிரம்பியிருக்கிறது. இந்த ஊரில் குதிரைக்குக் குளிர் தாங்கப் போர்வை தேவையே இல்லை. மழையில் நனைந்தாலும் கூரையும் தண்ணீர் தேங்காத தரையும் இருந்தால் போதும். வேலை முடிந்து குளிப்பாட்டிய சூட்டோடு போர்வை போடுவது இன்னும் மோசம்: வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே ஆவி பிடித்தது போலாகிவிடும். அடுத்தமுறை போர்வையைக் கண்டதும் அது பல்லைக் காட்டினால் குற்றம் குதிரையுடையதல்ல.

போட்டு அரை மணித்தியாலம் கழித்து, குதிரையின் முன்கால் முழங்கைக்குப் பின்னால் போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் கழற்றிவிடுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு இயல்பு. போர்வைக்குள் நிற்கும்போது 25, 30 என்று ஏறினால் அந்தத் துணி அந்தக் குதிரைக்கு ஆகாது. ஓடி முடித்தபின் விலா அடித்துக்கொள்கிறது, ஆனால் உரோமம் காய்ந்தே இருக்கிறது என்றால் அது வியர்வை நின்றுபோன குதிரை. ஈர வெப்பமுள்ள நாடுகளுக்குக் கொண்டுவரப்படும் குதிரைகளுக்கு இது வருவதுண்டு. அதற்கு எந்தப் போர்வையும் வேண்டாம். மிருக வைத்தியர்தான் வேண்டும்.

ஆக, கொழும்பில் நியாயமான காரணங்கள் இரண்டுதான். ஒன்று, சிற்றீக்களுக்கும் நுளம்புகளுக்கும் எதிரான வலைப் போர்வை. சிற்றீக் கடியால் பிடரியையும் வால் அடியையும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் குதிரைகளுக்கு அது மருந்து போன்றது. மற்றது, ஏப்ரலில் குளிரான மலைநகரான நுவரெலியாவுக்குப் போகும் குதிரைக்கான குளிர்ப் போர்வை. இரண்டிலும் சேராத போர்வையை மடித்து வைத்துவிட்டால் பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

நிற்கும் விதம்

காரணம் தெரியும்வரை இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹால்டரில் (குதிரையின் தலையில் மாட்டும் வார்) மூன்று மீட்டர்க் கயிறு போட்டுப் பிடிக்கிறார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மற்றவர் போர்வை போடுகிறார். இருவரும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். எதிரெதிராக நின்றால், ஒருவரிடமிருந்து விலகும் குதிரை மற்றவர்மேல் ஏறிவிடும். பிடிப்பவர் தலையை நேராக வைத்திருந்தால் போதும். கீழே இழுத்து அமுக்கினால் குதிரை சண்டைக்குத் தயாராகிவிடும். ரப்பர்ச் செருப்போடு இந்த வேலைக்கு வராதீர்கள், மூடிய சப்பாத்து கட்டாயம். வயிற்றுப் பட்டியை எடுக்கக் குந்தாதீர்கள், முழங்காலிடாதீர்கள். இடுப்பில் வளைந்து, ஒரு கையைக் குதிரையின் உடம்பில் வைத்தபடியே எடுங்கள். கடி அதிகம் விழுவது மேற்கையிலும் குனிந்திருக்கும் முதுகிலும்தான்.

வலியா, பழக்கமா: பத்து நிமிடச் சோதனை

போர்வை போடாத ஒரு நேரத்தில், லாயத்துக்கு வெளியே, போர்வை கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். உள்ளங்கையை விரித்து, கழுத்திலிருந்து தோள், விலா, இடுப்பு, தொடை என்று உரோமம் படியும் திசையில் தடவிப் போங்கள். பிறகு முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, இருபுறமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே பின்னுக்குப் போங்கள். அடுத்து நெஞ்சுத் தசை, முழங்கைக்குப் பின்புறம், வயிற்றுப் பட்டி ஓடும் பாதை. தோல் ஒருமுறை சிலிர்த்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். தசை பலகை போல இறுகினால், முதுகைத் தாழ்த்தினால், காதை மடித்துத் திரும்பிப் பார்த்தால், ஒரே இடத்தில் மூன்றுமுறையும் அப்படிச் செய்தால், அங்கே வலி இருக்கிறது.

வெறும் கைக்கு அமைதியாக நிற்கும் குதிரை மீது அடுத்து ஒரு பழைய சாரத்தைப் போட்டுப் பாருங்கள். சாரத்துக்கும் பேசாமல் நின்று, போர்வைக்கு மட்டும் கடித்தால் சிக்கல் போர்வையின் எடையில், அளவில், சத்தத்தில் அல்லது வாசனையில் இருக்கிறது. சாரத்துக்கே கடித்தால் பயமோ பழக்கமோ.

வலி இருக்கும் குதிரைக்குப் பயிற்சி கொடுக்காதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. வலியோடு "அடங்கி நிற்க" கற்றுக்கொண்ட குதிரை, காது மடிப்பது போன்ற முன்னறிவிப்புகளை விட்டுவிட்டு ஒருநாள் நேரே கடிக்கும்.

கடி விழுவது போர்வையைத் தோளில் வைக்கும்போது, அல்லது இழுக்கும்போது

முதலில் போர்வையைப் பாருங்கள். தொங்கும் வயிற்றுப் பட்டிகள் எறிந்த வேகத்தில் மறுபக்கக் காலில் அடிக்கின்றனவா? மடித்துக் கொளுவாமல் வீசினால் இரும்புக் கொளுக்கி முழங்கால் எலும்பில் போய் விழும். நான்கைந்து தடவை பட்ட குதிரைக்கு, போர்வை மேலே எழும்புவதே அடிக்கு முன்னறிவிப்பு. எல்லாப் பட்டிகளையும் போர்வையின் மேலேயே கொளுவிவிட்டு, மூன்றாக மடித்து, தோள்மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) சற்று முன்னால் தூக்கி வையுங்கள், வீசாதீர்கள். பின்பு மடிப்பைப் பிரித்துப் பின்பக்கமாக வழுக்கவிடுங்கள். முன்னுக்கு இழுத்தால் உரோமம் எதிர்த்து மடங்கிக் குத்தும். அதிகம் பின்னால் போய்விட்டால் கழற்றி மறுபடி வைப்பதுதான் முறை.

அடுத்து தோல். கொழும்பின் மழை மாதங்களில் முதுகு உரோமத்துக்குள் சிறு சிறு பொருக்குகள் வரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். பிய்த்தால் உரோமத்தோடு குச்சம் போல வரும். ஈரத்தில் வரும் பக்டீரியாத் தொற்று இது. போர்வை அதன்மேல் உரசுவது நமக்கு வெந்த புண்ணில் துணி உரசுவது போல. வட்டமாக உரோமம் உதிர்ந்திருந்தால் படர்தாமரை. அது உங்களுக்கும் தொற்றும். இரண்டிலும் போர்வையை நிறுத்தி, தோல் காய விட்டு, வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒரு குதிரையின் போர்வையை இன்னொன்றுக்குப் போடுவதையும் நிறுத்துங்கள். தோய்க்கும்போது மென்மையான சவர்க்காரம் கொஞ்சம், அலசல் நிறைய. நுரை மிச்சமிருந்தால் வியர்வையில் கரைந்து எரியும். ஒன்று காயும்போது போட இன்னொன்று இல்லையென்றால், அரைகுறையாகக் காய்ந்த பூஞ்சண வாசனைப் போர்வைதான் நாளைக்கும் ஏறும்.

கடி விழுவது நெஞ்சுப் பக்கிளில்

பெரும்பாலும் அளவுப் பிழை. நெஞ்சின் நடுவில் நாடாவை வைத்து, தோளைச் சுற்றி, பக்கவாட்டில் நேராகக் கொண்டுபோய், பின்தொடையின் கடைசி முனைவரை அளக்க வேண்டும். 72 அங்குலம் வந்தால் 6 அடிப் போர்வை. இந்தியாவில் இருந்தும் இங்கிலாந்தில் இருந்தும் வருபவற்றில் அடி, அங்குலம் இருக்கும். ஐரோப்பியப் போர்வையில் தோள்மேட்டிலிருந்து வால் அடிவரையான முதுகு நீளம் சென்டிமீட்டரில் இருக்கும். ஏறத்தாழ 135 என்பது 6 அடிக்கு, 125 என்பது 5 அடி 6 அங்குலத்துக்குச் சமம். இரண்டு கணக்கையும் குழப்பி வாங்குவது சாதாரணமாக நடக்கிறது. சிறிய போர்வை தோள் முனையைத் தேய்த்து உரோமத்தை உடைக்கும். பெரியது பின்னால் வழுக்கித் தோள்மேட்டில் தொங்கும். மொத்த எடையும் அந்த ஒரு மேட்டில் நிற்கும்.

பக்கிளைப் பூட்டியபின் ஒரு கைப்பிடிப் புல்லைத் தரையில் போட்டு, குதிரை தலை குனியும்போது தொண்டைப் பக்கம் கையை விட்டுப் பாருங்கள். தலை நிமிர்ந்திருக்கும்போது சரியாக இருந்த பக்கிள் குனிந்தால் இறுக்கலாம். இரவு முழுக்கக் குனிந்து தின்னும் பிராணிக்கு அதுதான் உண்மையான அளவு.

இன்னொரு காரணம் இந்த ஊருக்கே உரியது: கறள். கடற்காற்றில் சாதாரண இரும்புப் பக்கிள் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளும். அதைத் திறக்க நாம் இழுக்கிற இழுப்பில் நெஞ்சு இரண்டு மூன்றுமுறை வெடுக்கென்று இறுகும். குதிரைக்குப் பக்கிள் என்றால் அந்த வெட்டிழுப்புத்தான். பித்தளை அல்லது கறள் பிடிக்காத எஃகுக் கொளுக்கிகளை ஒரு தையற்காரரிடம் கொடுத்து மாற்றிவிடலாம். புதுப் போர்வையைவிட மலிவு.

கடி விழுவது வயிற்றுப் பட்டியில்

இங்கேதான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கை அகலம், ஏறக்குறைய 4 அங்குலம், இருக்க வேண்டும். இரண்டு பட்டிகளும் வயிற்றின் நடுவில் குறுக்காகச் சேர வேண்டும். சேணவார் கட்டும் இடத்தில் உப்பு வியர்வை காய்ந்து தோல் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலி முகத்திடல் பக்கம் மணலில் ஓடிவிட்டு வரும் குதிரைக்கு முழங்கைக்குப் பின்னால் மணல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், சேணவாருக்கும் கடிக்கிறது, வயிற்றைத் துலக்கினாலும் கடிக்கிறது என்றால் இரைப்பைப் புண்ணைச் சந்தேகியுங்கள். குதிரையின் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும், இருபத்துநான்கு மணித்தியாலமும் அமிலம் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் படலமும் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குத் தீன் வைத்து, புல் தீர்ந்து, மறுநாள் காலை ஆறுக்குத்தான் அடுத்த புல் என்றால், இரவில் பத்து மணித்தியாலம் அமிலம் வெறும் சுவரில் கிடக்கிறது. புல் குறைந்து தவிடும் தானியமும் கூடுகிற நகர லாயங்களில் இது வராமலிருந்தால்தான் அதிசயம். தானியத்தை மிச்சம் வைப்பது, அடிக்கடி கொட்டாவி, பல் நறநறப்பது, உரோமம் மங்குவது, தின்றபின் லேசாக வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

உறுதிசெய்வது உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனையில்தான். அதைப் பற்றியும், மாத்திரையை எத்தனை வாரம் கொடுப்பது என்பது பற்றியும் மிருக வைத்தியரைக் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலும் விசாரிக்கலாம். "வலிதானா பார்ப்போம்" என்று வீட்டில் கிடக்கும் வலிநிவாரணியைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஃபீனைல்பியூட்டசோன் வகை மருந்துகளே புண்ணை உண்டாக்குபவை.

உங்கள் கையில் இருப்பது புல். 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ உலர் பொருள் வேண்டும். பச்சைப் புல்லில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், கினிப் புல்லோ சிஓ-3 புல்லோ வெட்டிப் போட்டால் 30 முதல் 40 கிலோ வரும். அதை நாலைந்தாகப் பிரித்து, கடைசிப் பங்கை இரவு ஒன்பது, பத்து மணிக்கு வையுங்கள். சிறு துளை வலையில் அடைத்தால் தின்னும் நேரம் நீளும். போர்வை போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு இரண்டு கைப்பிடி புல் தின்னக் கொடுங்கள்; இது இலஞ்சம் அல்ல, இரைப்பையில் அமிலத்தின்மேல் ஒரு பாய் விரிப்பது.

பெண் குதிரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் விலாவைத் தொடவிடாமல் கடித்தால் பருவச் சுழற்சியோடு நாட்குறிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடி விழுவது கழுத்துறையில், வெல்க்ரோவில்

கழுத்துறையும் முகவலையும் வெல்க்ரோவில் ஒட்டுபவை. காதுக்கு அருகில் அது கிழியும் சத்தம் நமக்கே பிடிக்காது. தலைக்கு மேலால் மாட்டும் வகையாக இருந்தால் கண் மறைந்து காதும் மடங்கும். முன்பக்கம் முழுதாகத் திறக்கும் வகைக்கு மாறுங்கள். சத்தத்துக்கு: குதிரை புல் தின்னும்போது ஐந்து மீட்டர் தள்ளி நின்று வெல்க்ரோவைக் கிழியுங்கள், தினமும் பத்துத் தடவை. மெல்லுவதை நிறுத்தாத தூரத்திலிருந்து நாளுக்கு அரை மீட்டர் நெருங்குங்கள்.

கழற்றும்போது மட்டும் கடிக்கிறது

வரிசை தவறியிருக்கலாம். போடும்போது நெஞ்சு, வயிறு, கால். கழற்றும்போது கால், வயிறு, கடைசியாக நெஞ்சு. முன்பக்கத்தை முதலில் அவிழ்த்து, பின்பட்டி பூட்டியிருக்கையில் குதிரை நகர்ந்தால் போர்வை இடுப்புக்கு வழுக்கி விலாவைக் கட்டிப் பிடிக்கும். ஒருமுறை அப்படி நடந்த குதிரை மறக்காது. வெளிநாட்டுக் கையேடுகள் இந்த இடத்தில் நைலோன் உரசி வரும் மின்பொறியைச் சொல்லும். கொழும்பின் ஈரக்காற்றில் அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பின்னேரத்தில் மட்டும், அல்லது ஒருவரை மட்டும்

தீன் வாளி வரும் நேரமும் போர்வை வரும் நேரமும் ஒன்றாக இருந்தால், குதிரை காவல் காப்பது வாளியை. போர்வையை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுங்கள். வலைப் போர்வைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: சிற்றீக்கள் கிளம்புவது பொழுது சாயும்போது. ஐந்து மணிக்கே போட்டுவிட்டால் கடி வாங்கிக்கொண்டே நிற்கும் குதிரையோடு போராட வேண்டியதில்லை.

ஒருவரை மட்டும் கடித்தால் அவரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கரட்டும் சீனியும் கையால் கொடுப்பவராக இருப்பார். அல்லது கடித்ததும் பின்வாங்குபவராக இருப்பார். இரண்டாமவர்தான் ஆசிரியர்: கடித்தால் போர்வை போய்விடும் என்று கற்றுக் கொடுத்தவர்.

போர்வையைக் கண்டதுமே காதை மடிக்கிறது, ஆனால் உடம்பில் வலி இல்லை

இதற்குப் பயிற்சி. நாளுக்கு இரண்டுமுறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். துவாயை உள்ளங்கை அளவுக்கு மடித்துத் தோளில் வையுங்கள். குதிரை தலையை நேராக வைத்து மூன்று செக்கன் அசையாமல் நின்றால், "சரி" என்று சொல்லித் துவாயை எடுத்துவிடுங்கள். பரிசு அதுதான்: துணி போவது. தலையைத் திருப்பினால் எடுக்காதீர்கள், அழுத்தவும் வேண்டாம். அதே இடத்தில் வைத்தபடி, தலை நேராகும்வரை காத்திருந்து அப்போது எடுங்கள். தொடர்ந்து ஐந்துமுறை சரியாக நின்றால் அடுத்த படி: துவாயை விரிப்பது, பிறகு சாரம், பிறகு நாலாக மடித்த போர்வை, பாதி விரித்தது, முழுதாக விரித்தது, கொளுக்கியைக் கிணுகிணுப்பது, பூட்டுவது. ஒரு படியில் இரண்டுமுறை பிசகினால் முந்தின படிக்குப் போங்கள். புல் கொடுப்பதானால் கையால் கொடுக்காமல் தரையில் வாளியில் போடுங்கள்.

இரண்டு வாரம் ஆகலாம். அந்த நாட்களில் யாராவது அவசரத்துக்குப் பழைய முறையில் போர்வையை எறிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

மூக்கில் அடிப்பது பற்றி: அடி, கடிக்குப் பிறகு இரண்டு மூன்று செக்கன் தாமதித்து விழுகிறது, குதிரை இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. அது கற்றுக்கொள்வது கடித்தபின் தலையை வேகமாக இழுக்க, பிறகு கையைக் கண்டாலே தலையைத் தூக்க. கடிவாளம் மாட்டவும் முடியாத குதிரை அப்படித்தான் உருவாகிறது. முழங்கையை மடித்து வேலி போல நிறுத்தலாம். திரும்பும் மூக்கு தானாக வந்து முட்டிக்கொள்ளட்டும். இளம் ஆண் குதிரைக்கோ அடியே விளையாட்டு. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் வெட்டுப்பல் மாறும். வாய் சும்மா இருக்காது. அதற்குக் காயடிப்பது பற்றி வைத்தியரிடம் பேசுவதும், மற்றக் குதிரைகளோடு சேர்த்து வெளியே விடுவதும் போர்வைப் பயிற்சியைவிடப் பலன் தரும்.

நேற்றுவரை அமைதி, இன்று திடீரென்று கடி

ஒரு பக்கத்திலிருந்து வந்தால் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கண்ணைப் பாருங்கள். ஆனால் குணம் திடீரென மாறி, தன்னைத்தானே கடிப்பது, விழுங்கச் சிரமம், உமிழ்நீர் வடிவது, பின்கால் தள்ளாடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் விசர்நோயை நினைக்காமல் இருக்க முடியாது. தெரு நாய்கள் வந்துபோகும் லாயமாக இருந்தால் இன்னும். வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வைத்தியரை அழையுங்கள்.

எந்தக் கடியானாலும் தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். கடித்தது குதிரை என்று சொல்லுங்கள். ஏற்பு ஊசியும் விசர்நோய் ஊசியும் தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நாய் பூனைக்குச் சொல்லும் "கட்டிவைத்துப் பார்ப்போம்" நாட்கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. தோல் கிழியாவிட்டாலும் நசுங்கல் ஆழமாக இருக்கும்; விரல் மரத்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நுவரெலியாவுக்குப் போகும் குதிரை

ஆண்டு முழுக்கப் போர்வையே காணாத குதிரைக்கு ஏப்ரலில், அதுவும் லொறியில் ஏறிய பதற்றத்தோடு, தடித்த போர்வை போட்டால் கடிக்காமல் என்ன செய்யும்? பெப்ரவரி கடைசியிலேயே மேலே சொன்ன பயிற்சியைத் தொடங்குங்கள். காலை ஐந்தரைக்கு, வெயில் ஏறுமுன், போட்டு இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். பயண நாளில் கொழும்பிலிருந்து போர்வையோடு ஏற்றாதீர்கள். அவிசாவளை தாண்டும் முன்பே நனைந்துவிடும். ஹட்டனில் நிறுத்தித் தண்ணீர் காட்டும்போது மெல்லியதைப் போடலாம், தடித்தது 1,868 மீட்டர் உயரத்தில் லாயத்துக்குள் போனபின், உடம்பு முழுதும் காய்ந்திருந்தால். திரும்பும்போது ஹட்டனிலேயே கழற்றி மடித்துவிடுங்கள்.